காத்து நல்லாருக்கு

அடைமழைக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே வடகம் காயப்போடும் ஊர் எங்கள் செங்காணிமேடு ஒன்றாகத்தான் இருக்கும். கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, பிழிந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டால் போதும். மறுநாள் எடுத்து டப்பாவில் போடலாம். தரை அவ்வளவு கதகதப்பு. பூனைகள் அடுப்படிப் பக்கம் போவதையே விட்டுவிட்டன. மூட்டுவலிக்காரர்கள் தரையில் படுத்து எழுந்து, தைலச் செலவு மிச்சம் என்கிறார்கள். இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று எங்கள் சுரங்கத் தொழிலாளர் காலனியில் எல்லோருக்கும் தெரியும். அது என்ன செய்யும் என்று நான் சொன்னபோதுதான் ஒருவருக்கும் காது கேட்கவில்லை.

என் பெயர் தையல்நாயகி. மூடிக் கிடக்கும் சுரங்கங்களைக் கண்காணிக்கிற அரசு அதிகாரி. வேறு எங்காவது போட்டிருக்கலாம்; நான் பிறந்த காலனியிலேயே போட்டார்கள். காலனி ஓரத்தில் எனக்கு ஒரு குவார்ட்டர்ஸ். நாலு தெரு தள்ளி என் அண்ணி அஞ்சலாட்சியின் வீடு. அண்ணன் கொளஞ்சிநாதன் இந்தச் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தான். இன்னும் இந்தச் சுரங்கத்தில்தான் இருக்கிறான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் தெற்குப் பகுதியில் தீப்பிடித்தது. அணைக்க வழியில்லை என்று சொல்லி, காற்று போகாமல் அந்தப் பகுதியைச் சுவர் வைத்து அடைத்தார்கள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அடைப்பதற்கு முன்பே செத்திருப்பார்கள் என்று சொன்னார்கள். யாரும் போய்ப் பார்த்துச் சொன்னதில்லை. அதோடு சுரங்கத்தையே மூடிவிட்டார்கள்.

எங்கள் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறி ஆளைக் கொல்கிறது கேஸ்; அந்தச் சொல்லை வீட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது. சமையல் அடுப்பைக்கூட நீல அடுப்பு என்றுதான் சொல்வார்கள். ஷிஃப்டுக்குக் கிளம்புகிற புருஷனிடம் பெண்சாதி வாசலில் நின்று, "காத்து எப்படி?" என்று கேட்பாள். "நல்லாருக்கு" என்று அவன் சொல்வான். கீழே கேஸை அளக்கிற மீட்டர் வாரம் முழுக்க அலறிக்கொண்டிருந்தாலும் பதில் அதுதான். வேறு ஏதாவது சொன்னால் அந்த வீட்டில் அன்றைக்கு உலை வைக்க மாட்டார்கள். தீப்பிடித்த அன்று காலையிலும் அண்ணன் நல்லாருக்கு என்றுதான் சொல்லிவிட்டு இறங்கினான். இந்த வழக்கத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆண்கள் பொய் சொல்வதற்கும் பெண்கள் அதை நம்புவதற்கும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. அதில் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்பு இருந்ததுதான் வினையாயிற்று.

சுரங்கத்தை மூடிக் கொஞ்ச காலத்தில் ஒரு கம்பெனி வந்தது. கணினிகளை மலைமலையாக அடுக்கி வைத்து ஊர் உலகத்துக்கெல்லாம் வாடகைக்கு விடுகிற கம்பெனி. அந்தக் கணினிகள் அடுப்பு மாதிரி சுடும். அந்தச் சூட்டைக் கொட்ட அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் பாழுஞ்சுரங்கம் கண்ணில் பட்டது. மேலே கணினிக் கூடம். கீழே பழைய சுரங்கப் பாதைகளில் குழாய் வழியாகத் தண்ணீர். சூட்டை வாங்கிக்கொண்டு இறங்கும், விட்டுவிட்டு ஏறும். அதற்குக் குடியிருப்பவர்களின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் இருந்தது. சம்மதத்துக்கு விலையாகக் கம்பெனி கொடுத்தது குரல்.

செத்துப்போனவர்கள் வீட்டுக்கு அனுப்பிய குரல் செய்திகள், போனில் பேசிய பேச்சு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களைப் போலவே பேசுகிற ஒன்றைச் செய்து, ஒரு பெட்டியாக வீட்டுச் சுவரில் பதித்துத் தந்தார்கள். நாம் கேட்டால் பதில் சொல்லும். நேற்றுப் பேசியதை இன்றைக்கு ஞாபகம் வைத்திருக்கும். காலனியை விட்டு வெளியே எடுத்துப்போனால் மட்டும் வேலை செய்யாது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவள் புருஷனையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பெண்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். தான் செத்துப்போனது அந்தக் குரலுக்குத் தெரியக் கூடாது. ஆகவே குரல்களெல்லாம், தாங்கள் கீழே ஏதோ நீண்ட ஷிஃப்டில் இருப்பதாகவும், போனில் வீட்டோடு பேசுவதாகவும் நினைத்துக்கொண்டிருந்தன. அண்ணி பூ வைத்துக்கொள்வதை நிறுத்தவே இல்லை.

அண்ணன் என்னோடு பேசிய பேச்சையும் நான் கொடுத்தேன். நான் சுரங்கப் பொறியியல் படித்துக்கொண்டு விடுதியில் இருந்த காலத்தில் அவன் அடிக்கடி போன் செய்வான். என்னிடம் மட்டும் அவன் காற்றைப் பற்றி உண்மை பேசுவான். விடுதி என்பது வீடு இல்லையே. பேச்சைக் கொடுத்தேனே தவிர, அந்தப் பெட்டியோடு நான் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

இந்தச் சுரங்கத்தில் கூரை இடிந்து விழாமல் இருக்க நிலக்கரியையே தூண்களாக விட்டு வைத்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருக்களை அந்தத் தூண்கள்தான் தாங்குகின்றன. இந்த வருஷம் ஐப்பசியில் தூண்களின் சூட்டை அளந்து பார்த்துவிட்டு நேரே கம்பெனி மேலாளர் பரணிதரனிடம் போனேன். சென்னைக்காரர். மரியாதையானவர். எதைச் சொன்னாலும் முதலில் காபி சொல்வார்.

"ஆறு டிகிரி ஏறியிருக்கு சார்."

"ஆறுதானே மேடம்."

"காய்ச்சல் ஆறு டிகிரி ஏறினா ஆள் பொழைக்க மாட்டான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "கரி பார்க்கக் கல்லு மாதிரி இருக்கும். உள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்கா இருக்கு. அந்த ஓட்டைச் சுவர்ல மீத்தேன் ஒட்டிக்கிட்டு இருக்கு. கரி குளிர்ச்சியா இருக்கற வரைக்கும் புடிச்சு வச்சிருக்கும். சூடு ஏற ஏற விட்டுடும். நீங்க கொட்டற சூட்டுல இப்ப விட ஆரம்பிச்சிருக்கு" என்றேன்.

"அளவெல்லாம் லிமிட்டுக்குள்ளதானே இருக்கு?"

"இன்னைக்கு இருக்கு. புயல் வந்தா வெளிக்காத்தோட அழுத்தம் குறையும். அப்ப சுரங்கம் மூச்சு விடும். வெடிப்பு வழியா மேல வரும். மேல வீடுங்க இருக்கு."

அவர் காபியைக் கலக்கிக்கொண்டே யோசித்தார். "நிறுத்தச் சொன்னா நிறுத்தறோம் மேடம். ஆனா குரலும் நிக்கும். அதை நீங்களே போய் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"குரலுக்கு எவ்வளவு கரண்டு போவுது?"

"ரொம்பக் கொஞ்சம். நூத்துல ஒண்ணுகூட வராது."

"மிச்சம்?"

"வெளிநாட்டுக் கஸ்டமருங்க. படம் பண்றாங்க, பாட்டு பண்றாங்க. எனக்கே சரியாத் தெரியாது."

"அப்ப அதை மட்டும் நிறுத்துங்க."

"அதை நிறுத்திட்டா குரலை யாரு இலவசமா நடத்துவா?" என்றார். அவர் கேட்டதில் எகத்தாளம் இல்லை. நிஜமாகவே என்னிடம் பதில் இருக்கும் என்று எதிர்பார்த்த மாதிரிதான் கேட்டார்.

கணினிகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டேன். அதை எதிர்த்துக் கம்பெனி நீதிமன்றத்துக்குப் போகவில்லை. போக வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. காலனிப் பெண்கள் போனார்கள். எங்கள் புருஷன்மாரை அணைக்கப் பார்க்கிறார்கள் என்று மனு. உத்தரவுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. மனுவில் முதல் கையெழுத்து என் அண்ணியுடையது.

அன்று சாயங்காலமே அண்ணி எனக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். "மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத. உன் வேலைய நீ பாக்கற, என் புருஷன நான் பாக்கறன்" என்றாள். குழம்பு நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு அழுதேன்.

கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானது. கரையைக் கடக்கிற நாள் கார்த்திகை தீபம். அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்று வானிலைக்காரர்கள் சொன்னதைக் கேட்டதும் தூண்களின் சூட்டை மறுபடி போய் அளந்தேன். மாவட்ட நிர்வாகம் பேருந்து அனுப்பியது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்க ஏற்பாடு. அதெல்லாம் வெள்ளத்துக்காக. மைக்கில் நான்தான் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனேன். வெள்ளம் என்று சொல்லியிருந்தால் நாலு பேராவது வந்திருப்பார்கள். கேஸ் வரும் என்று சொன்னேன். நல்ல நாளும் அதுவுமாய் வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொல்கிறாளே என்று, நான் போகப் போக எனக்கு முன்னால் கதவுகள் சாத்திக்கொண்டன. இந்தக் காலனியில் பிறந்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தெற்குத் தெருதான் எனக்குப் பயம். சூடு அதிகமான தூண்கள் அந்தத் தெருவுக்குக் கீழேதான் இருந்தன. அண்ணியின் வீடும் அங்கேதான்.

"ரெண்டே நாள் அண்ணி. பள்ளிக்கூடத்துல என்கூட இருங்க."

"அவரு சாயங்காலம் பேசுவாரு. நான் இல்லன்னா தேட மாட்டாரா?"

"கோலி சோடாவ வெயில்ல வச்சிருந்து ஒடச்சா என்ன ஆவும்? அப்படித்தான் அண்ணி கீழ இருக்கற கரி. சூடாயிருக்கு. புயல் வந்தா கோலிய அமுக்கிட்ட மாதிரி."

"அவருகிட்ட தினமும் கேக்கறன். நல்லாருக்குன்னுதான் சொல்றாரு." முறத்தை எடுத்துப் பொரி புடைக்க ஆரம்பித்தாள்.

போலீசிடம் போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "படி வரைக்கும் தண்ணி வந்தா தூக்கிக்கிட்டுகூட வந்துடுவம்மா. தண்ணியே இல்லாம ஒரு பொம்பளைய வூட்டுலேருந்து எப்படித் தூக்கறது? கோர்ட்டு தடை வேற இருக்கு" என்றார்.

தீபத்துக்கு முந்தின நாள் மதியம் அண்ணி அகல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, என்னிடம் இருந்த சாவியால் வீட்டைத் திறந்து உள்ளே போனேன். பெட்டிக்கு முன்னால் அண்ணி உட்காருகிற மணை போட்டிருந்தது. நான் நின்றுகொண்டே கூப்பிட்டேன்.

"அண்ணே."

"யாரு, தையலா? காலேஜ் லீவா?"

அதே குரல். வெற்றிலை போடுகிறவன் பேசுகிற, கொஞ்சம் ஒதுங்கின குரல். மணையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆமாண்ணே. காத்து எப்படி?"

"நீ எதுக்கு வாசல் கேள்வி கேக்கற? அஞ்சலை பக்கத்துல இருக்காளா?"

"கடைக்குப் போயிருக்காங்க."

குரல் தணிந்தது. "அப்ப சொல்றன். மோசம். மீட்டரு கத்திக்கினே கெடக்கு. நம்ம ஷிஃப்டப் பாத்துக்கற ஓவர்மேன் அது மேல துணியப் போட்டு வச்சிருக்கான்." சாவதற்கு முன்னால் விடுதிக்குப் போன் செய்தபோது என்னிடம் சொன்ன வார்த்தைகள் அவை. நான்தான் கொடுத்திருந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறன், சொல்லு. தெக்கால தூணுங்க ஆறு டிகிரி சூடாயிருக்கு. மேல புயல் வருது. என்ன ஆவும்?"

"ஆறு டிகிரியா? தீயா?"

"தீ இல்ல. வேற சூடு."

"எந்தச் சூடா இருந்தா என்ன. சூடான கரி கேஸப் புடிச்சு வைக்காது. பிச்சிக்கினு ஏறும். நம்ம தெருவுல வீட்டுக்கு வீடு தரை வெடிச்சிருக்கும், தெரியுமா? அதுல வந்துடும். மழைக்குக் கதவச் சாத்தியிருந்தா கூரைக்குக் கீழ போயி சேரும். ஒரு பொறி போதும்." சட்டென்று நிறுத்தினான். "தையலு, தீபம் என்னிக்கு?"

"நாளைக்கு."

"அஞ்சலையக் கூட்டிக்கினு போயிடு."

"வர மாட்டேங்கறாங்க. காத்து நல்லாருக்குன்னு நீ சொல்லிக்கிட்டு இருக்கற வரைக்கும் வர மாட்டாங்க. நீதான் சொல்லணும்."

"வூட்டுல அத எப்படிச் சொல்றது? பயந்துடுவா. ஷிஃப்டு முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கினு போறன்."

"அண்ணே, ஷிஃப்டு முடிஞ்சிடுச்சு."

"எப்ப?" என்றான்.

"நாலு வருஷமாச்சு."

"அடைச்சாங்களா?"

"அடைச்சாங்க."

"அஞ்சலைக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அவங்க சொல்லாம இருக்காங்க."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கொடுத்ததில் அப்படி ஒரு சிரிப்பு இல்லை. "நான் மறைச்சது ஒரு வார்த்தை. அவ எம்மாம் பெரிசா மறைச்சிருக்கா பாரு" என்றான். பிறகு, "அந்தச் சூடு, வேற சூடுன்னியே, அது என்ன?" என்று கேட்டான். நான் பேச்சை மாற்றிப் பேருந்து வருகிற நேரத்தைச் சொன்னேன். அவன் முட்டாள் இல்லை. மறுபடி கேட்கவில்லை. "சாயங்காலம் கேப்பா. சொல்லிடறன்" என்றான்.

சாயங்காலம் அண்ணி முகம் கழுவி, பூ வைத்து, மணையில் வந்து உட்கார்ந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். பேருந்து தெருமுனையில் காத்திருந்தது. அவளுடைய துணிமணிகளை ஒரு பையில் எடுத்துவைத்திருந்தேன்.

"என்னங்க, காத்து எப்படி?"

"அஞ்சல, காத்து சரியில்ல. கேஸ் வருது. தையலுகூட கெளம்பு."

அண்ணி மணையில் முன்னால் நகர்ந்தாள். முந்தானையால் பெட்டியின் முகத்தை ஒரு தடவை துடைத்தாள். "யாருங்க பேசறது?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"நான்தான் அஞ்சல."

"எங்க வூட்டுக்காரரு இப்படிப் பேச மாட்டாரு."

"உண்மையத்தான் சொல்றன். நான் செத்துட்டன்னு எனக்குத் தெரியும். மறைக்க வேணாம். இந்த ஒரு தரம் நான் சொல்றதக் கேளு."

அண்ணி என் பக்கம் திரும்பினாள். அவள் என்னைக் கோபமாகப் பார்த்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அது கோபம் மாதிரி இல்லை. அடித்தவனைக் குழந்தை பார்க்கிற பார்வை.

"அவர என்ன பண்ண?"

"அண்ணி, அவரு சொல்றது நெசம்."

"பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கன். ஒரு நாளு என்கிட்ட அந்த வார்த்தய அவரு சொன்னதில்ல. எனக்குத் தெரியாதா அவர? படிச்சவங்கல்லாம் சேந்து அன்னைக்கு உள்ள வச்சு அடைச்சீங்க. வூட்டுல இருக்கறதையும் சாவடிச்சிட்டியா?"

பெட்டியின் ஓரத்தில் கோளாறு சொல்வதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி, "என் வூட்டுக்காரரு சரியில்லம்மா, யாரோ மாத்திட்டாங்க" என்றாள். எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு பெண், கவலைப்படாதீர்கள், நேற்று இருந்த நிலைக்கு மாற்றித் தருகிறோம் என்று இனிமையாகச் சொன்னாள். அதற்குள் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னான். அண்ணியிடம் இல்லை, என்னிடம்.

"நான் சொன்னன் பாரு தையலு, வூட்டுல சொல்லக் கூடாதுன்னு."

கொஞ்ச நேரம் பெட்டி இருண்டு கிடந்தது. பிறகு வெளிச்சம் வந்தது. அண்ணி தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"என்னங்க, காத்து எப்படி?"

"நல்லாருக்கு. சாப்ட்டியா?"

அண்ணி அப்படியே சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். நிம்மதியில் அழுதாள். "இன்னும் இல்லைங்க. இனிமேதான்" என்றாள். நான் எடுத்துவைத்த பையிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். என்னைப் போகச் சொல்லவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. காற்று ஊளையிட்டது. என் அழுத்தமானி முள் இறங்கிக்கொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் கடைசியாக ஒரு தடவை அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றேன். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. மழைச் சாரல் வராமல் கதவிடுக்கில் சாக்குச் சுருட்டி வைத்திருந்தாள்.

"வர வேணாம் அண்ணி. ஜன்னலத் தொறந்து வையுங்க. விளக்கு மட்டும் ஏத்தாதீங்க. உங்க கால்ல விழறன்."

உள்ளேயிருந்து பதில் வந்தது. கதவு திறக்கவில்லை. "புருஷன் உசுரோட இருக்கறவ தீபத்தன்னைக்கு விளக்கேத்தாம இருப்பாளா? போம்மா, நனையாத."

கதவை உடைத்திருக்கலாம் என்று பிறகு பலரும் சொன்னார்கள். உடைக்கத்தான் ஆளைக் கூட்டிவரப் போனேன். பேருந்து ஓட்டுநரும் நடத்துநரும் வருவதாகச் சொல்லி இறங்கினார்கள். நாங்கள் தெருமுனைக்கு வந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ வரிசையாக அகல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி வீட்டு ஜன்னலிலும் ஒரு வெளிச்சம் வந்தது. முதல் விளக்கு. எங்கள் வீடுகளில் அதை மாடத்தில், கூரைக்குப் பக்கத்தில்தான் வைப்போம்.

அண்ணியோடும் அவள் வீட்டோடும் சேர்த்துத் தெற்குத் தெருவில் மூன்று வீடுகள் வெடித்துப் போயின. மழை பெய்ததால் மற்ற வீடுகளுக்குத் தீ பரவவில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள்.

விசாரணைக் குழு, திருநாள் விளக்கினால் ஏற்பட்ட தீ விபத்து என்று எழுதியது. பண்டிகை நாட்களில் கவனம் தேவை என்று ஒரு அறிவுரையும் கொடுத்தது. மிச்சமிருந்த பெண்கள் புயல் ஓய்ந்ததும் தரையைக் கழுவிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். என்ன நடந்தது என்று கீழே இருப்பவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் பயந்துவிடுவார்களாம். இன்றைக்கே கணினிகளை அணைத்தாலும் தூண்கள் ஆற வருஷக்கணக்காகும் என்று கூட்டம் போட்டுச் சொன்னேன். ஆறட்டும், அதுவரை பேசிக்கொண்டிருக்கிறோம் என்றாள் ஒருத்தி.

பரணிதரன் துக்கம் விசாரிக்க வந்தார். காபி சொல்ல இது அவர் அலுவலகம் இல்லை என்பதால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நெருங்கிய சொந்தம் நான்தான் என்பதால் அண்ணன் குரலைப் புதுப் பெட்டி ஒன்றில் போட்டு என் குவார்ட்டர்ஸ் சுவரில் பதித்துத் தருவதாகச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்.

"உங்க அண்ணி பேச்சு மூணு வருஷத்துக்கு எங்ககிட்ட இருக்கு மேடம். நீங்க சம்மதிச்சா அவங்க குரலையும் பண்ணிடலாம். ரெண்டையும் சேத்து விட்டுட்டா உங்களுக்குத் தொந்தரவே இல்ல. அவங்களே பேசிக்கிட்டு இருப்பாங்க."

அண்ணி கேட்பாள், காத்து எப்படி. அவன் சொல்வான், நல்லாருக்கு. கேட்க ஒரு ஆள்கூட இல்லாமல், ராத்திரி பகல் இல்லாமல், கீழே கரி சூடாகச் சூடாக அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர் புரிந்துகொண்டு போனார்.

ஆனால் அண்ணன் பெட்டியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதித்துவிட்டுப் போனார்கள். உத்தரவு இன்னும் நீதிமன்றத்தில் கிடக்கிறது. கணினிகளை நிறுத்தக் கூடாது என்று சொல்கிறவர்களின் வரிசையில் இப்போது நானும் நிற்கிறேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு வாரம் அதன் பக்கமே போகவில்லை. இன்று காலை தூண்களின் சூட்டைக் கணக்கெடுக்கக் கிளம்பி, செருப்பை மாட்டிவிட்டு, மறுபடி கழற்றிவிட்டு, அதன் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே."

"யாரு, தையலா? காலேஜ் லீவா?"

"ஆமாண்ணே."

"அஞ்சலை எங்க? ரொம்ப நாளா சத்தத்தையே காணம். தெனமும் கேப்பாளே."

லீவு என்றதைத் தவிர, இவனிடம் நான் பொய் சொன்னதே இல்லை. இவனும் என்னிடம் சொன்னதில்லை.

"அம்மா வூட்டுக்குப் போயிருக்காங்கண்ணே. நல்லாருக்காங்க."

"போறன்னு சொல்லவே இல்லையே." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, என்னிடம் மட்டும் பேசுகிற குரலில் கேட்டான். "மழைன்னாங்களே. மேல காத்து எப்படி தையலு?"

தரை சூடாக இருந்தது. செருப்பில்லாத காலில் அது நன்றாகவே தெரிந்தது.

"நல்லாருக்குண்ணே" என்றேன்.